ஐந்நூற்று ஒன்று

குடியாத்தம், புவனேஸ்வரிப்பேட்டை.
மண்டப வாசலில் மேசை போட்டு
மொய் எழுதிக்கொண்டிருந்தேன்.
என்னைக் கூப்பிடுவது கையெழுத்துக்காக அல்ல,
கூட்டலில் தப்பு வராது என்பதால்.

சாம்பார் கொதித்து வாசனை ஏறிய ஒன்பதரைக்கு
சம்பங்கி வந்தார்.
பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில் உப்பு உதறுகிறவர்.
கவரை இரண்டு கையாலும் நீட்டினார்.
"எளுதுபா. தங்கம்."

பிரித்தேன்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஐந்நூறு ரூபாய்.
கோட்டையும் கொடியும் கண்ணாடியும் சிரிப்பும்
ஒரே மஞ்சளில்.
ஆட்டினால் பலகாரப் பொட்டலம்போல் சலசலத்தது.
கூடவே ஒரு சான்றிதழ், ஆங்கிலத்தில்,
இருபத்துநாலு காரட் என்று
யாரோ ஒருவரின் கிறுக்கலோடு.
அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம்.
அது அசல்.

தீபாவளிக்கு போனஸ் பாதிதானாம்.
மீதிக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து
"வெச்சிக்கோ, ஏறும்" என்றாராம் முதலாளி.
ஏழு மாதம் அரிசி டின்னுக்குள் இருந்தது
இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது.

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.
நோட்டில் பெயர், ஊர், தொகை என்று மூன்றே கட்டம்.
குத்துவிளக்கு, குக்கர் என்றால்
அந்தப் பக்கம் கொடுங்கள் எனலாம்.
இதை எந்தப் பக்கம் அனுப்ப?
ஒரு ரூபாய் என்று எழுதினால்
மைக்கில் அப்படியே படித்துவிடுவார்கள்.

பே. சம்பங்கி, ஐந்நூற்று ஒன்று.

எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.
"அவ்ளோதானா? தங்கமாச்சே."
"நோட்டுல இன்னா போட்டுக்கீதோ
அதான்ணா எளுதணும்."
ஞாயம்தான் என்று பந்திக்குப் போனார்.
பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதை
இங்கிருந்தே பார்த்தேன்.

இரவு, மாப்பிள்ளையின் அப்பா துரைக்கண்ணு எண்ணினார்.
ஐந்நூறு இடித்தது.
மஞ்சள் தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.
தங்கம் நகத்தோடு வந்துவிட்டது.
"இன்னாய்யா இது?"

கூட்டலில் தப்பு வராதவன்
என் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன்.
கணக்கு நேரானது.
தாள் எனக்கானது.

வேலூர் தோட்டப்பாளையத்தில் நாணயக் கண்காட்சி.
இம்தியாஸ் பாய் பூதக்கண்ணாடியைத் தொடக்கூட இல்லை.
"பத்தா வாங்குனா ஒண்ணு நாப்பது ரூவா.
எதை எடுத்தாலும் ஒரே நம்பர்."
அவர் ஆல்பத்தில் இருந்தன
கோணலாக வெட்டுப்பட்ட பத்து,
எண்ணே ஏறாமல் தப்பி வந்த நூறு,
மடிப்பின் மேல் அச்சு விழுந்து
நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் இருபது.
"தப்பா அடிச்ச நோட்டுக்குத்தான் அடிச்சிக்குவாங்க.
இதுல தேடுனாலும் ஒரு தப்பு கெடைக்காது.
அதான் தம்பி இதோட தப்பு."

எவ்வளவு கொடுத்தீர்கள் என்றார்.
சொன்னேன்.
நாற்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னார்.
டீ வந்தது.
"இதுக்கு இவ்ளோ குடுத்த ஆளை
இப்பத்தான் நேர்ல பாக்கறேன்."

திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில்
எதிரே தங்கக் கோயில் பஸ் நிறைந்து போனது.
கீழே தண்ணீர் இல்லை.
மணல் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது,
சான்றிதழ் இல்லாமல்.

குடியாத்தம் பஸ் நிலையத்தில்
சம்பங்கி கையைப் பிடித்துக்கொண்டார்.
மகளுக்குத் தையில் கல்யாணமாம்.
துரைக்கண்ணு போயாக வேண்டும்,
என் எழுத்தில் இருக்கிறது, ஐந்நூற்று ஒன்று,
செய்தாக வேண்டும்,
கடையில் செல்லும் காகிதத்தில்.

"அந்த நோட்ட வித்துட்டாங்களாபா?"
இல்லை, பத்திரமாக இருக்கிறது என்றேன்.
சட்டைப்பையில் சுரண்டிய ஓரம் குத்தியது.

"பவுனு இன்னா ஏறிக்கீது பாத்தியா!
அவசரப்படாதீங்கன்னு சொல்லு"
என்று படியில் கால் வைத்தவர்
கண்டக்டரிடம் சில்லறைக்குத் தடவினார்.
ஒரு ரூபாய் குறைந்தது.
கொடுத்தேன்.